டீசல் இன்ஜெக்டர் அடியில் கம்ப்ரஷன் கசிவு: கண்டறிந்து சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயரழுத்த டீசல் செல்லும் காமன் ரெயில் டீசல் இன்ஜினில், டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரும் சிலிண்டர் ஹெட்டில் உட்காரும் இடத்தில் ஒரு சிறிய காப்பர் வாஷர் இருக்கிறது. மெர்சிடிஸின் ஓ.எம். 611, 612, 646 வகை சி.டி.ஐ. இன்ஜின்களில் அதன் தடிப்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான். கம்ப்ரஷனையும் அதைத் தொடர்ந்து வரும் எரிப்பின் அழுத்தத்தையும் சிலிண்டருக்குள் தடுத்து நிறுத்துவது அந்த வாஷரே. அது பிடிப்பை இழந்தால், எரிந்த வாயுவும் கரியும் எரியாத டீசலும் இன்ஜெக்டரின் உடலைச் சுற்றி மேலேறி, ஹெட்டின் மீது படிந்து, தார் போல் இறுகிவிடுகின்றன. மெர்சிடிஸ் உரிமையாளர்கள் 'பிளாக் டெத்' என்று பெயரிட்டிருக்கும் கோளாறு இதுதான்.

வாஷரின் விலை மிகச் சொற்பம். ஆனால் இந்தக் கசிவைச் சரிசெய்வது வாஷர் மாற்றும் வேலை அன்று. வாஷர் உட்காரும் சீட்டைச் சீராக்கும் வேலை. புதிய வாஷர் போட்ட சில வாரங்களிலேயே மறுபடியும் கசிகிறது என்று திரும்பி வரும் வண்டிகளில் பெரும்பாலும் சீட்டை யாரும் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கசிவு ஏன் தானாக நிற்பதில்லை

செல்ஃப் அடிக்கும்போது சிலிண்டருக்குள் உருவாகும் கம்ப்ரஷன் 25 முதல் 35 பார் (அழுத்த அலகு) வரை இருக்கும். இன்ஜின் சுமை இழுக்கும்போது எரிப்பின் உச்ச அழுத்தம் 150 பாரைத் தாண்டும். 160 பார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வாஷர் சரியாக அடைத்திருக்கும்போது அந்த அழுத்தம் ஏழரை மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் மீது மட்டுமே செயல்படும். இன்ஜெக்டரை மேலே தள்ளும் விசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். வாஷரின் உள்விளிம்பு விட்டுக்கொடுத்து வாயு அதன் 15 மில்லிமீட்டர் வெளிவிட்டம் வரை பரவிவிட்டால், பரப்பு நான்கு மடங்காகி, தள்ளும் விசையும் 290 கிலோவை நெருங்கிவிடும். 2000 ஆர்.பி.எம். வேகத்தில் ஒரு சிலிண்டரில் நிமிடத்துக்கு ஆயிரம் முறை இது நிகழ்கிறது. ஆகவே சிறு கசிவு பெருங்கசிவாக வளர்வதில் வியப்பில்லை. சூடான வாயு ஒரே தடத்தில் தொடர்ந்து பாய்வதால், அலுமினிய ஹெட்டின் சீட்டில் நாளடைவில் ஒரு வாய்க்காலே அரித்துவிடும்.

கசிவைக் கண்டதும், இன்ஜெக்டரை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்ப்பது பலருக்கும் வரும் முதல் எண்ணம். அதைச் செய்யக்கூடாது. வாஷருக்கும் சீட்டுக்கும் இடையில் ஏற்கெனவே கரி புகுந்திருப்பதால் முறுக்குவதால் அடைப்பு உண்டாகாது. ஒருமுறை இழுபட்டு நீண்ட போல்ட் மேலும் இழுபட்டு அறுந்துபோகவோ, அலுமினியத்திலுள்ள மரை பிய்ந்து வரவோதான் வாய்ப்பு அதிகம். அரைநாள் வேலையாக முடிய வேண்டியது ஹெட்டைக் கழற்றும் வேலையாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அறிகுறிகளும் சோதனைகளும்

வெளிப்படையாகக் கசியும் இன்ஜின்களில், பிளாஸ்டிக் மேல்மூடியைக் கழற்றியதுமே இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுத்த பிசுக்கு தெரியும். அதற்கு முன்பே, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில், இன்ஜினின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'சஃப் சஃப்' என்ற ஒலி கேட்கும். ஏசி காற்றோடு புகை நெடி வண்டிக்குள் வரும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் போனாலும் ஏறக்குறைய இதே ஒலிதான் வரும் என்பதால், காதை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கும் குழியில் சிறிதளவு சோப்பு நீரையோ டீசலையோ ஊற்றி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். குமிழிகள் ஒரே சீராக வெடித்துக்கொண்டு வந்தால் அடியில் கம்ப்ரஷன் கசிகிறது. குமிழி இல்லாமல் சுத்தமான டீசல் மட்டும் ஊறி வந்தால், பழுது, மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைனின் ஓ-ரிங்கிலோ ஹை பிரஷர் பைப்பின் நட்டிலோ இருக்கிறது. இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

டொயோட்டாவின் 1 கே.டி., 2 கே.டி. இன்ஜின்களில் நிலைமை வேறு. இந்தியாவில் 2005-இல் வந்த இன்னோவாவில் இருந்தது 2494 சி.சி. கொண்ட இந்த 2 கே.டி. இன்ஜின்தான். வாஷர் கசிந்தால் வாயு டேப்பெட் கவருக்குள் போய்விடுவதால் வெளியே எதுவும் தெரியாது. கரி முழுவதும் ஆயிலில் கலந்து, ஆயில் சேம்பரின் அடியிலுள்ள உறிஞ்சுகுழாய் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே அது கெட்டியாகக் கறுத்தாலோ, டிப்ஸ்டிக்கில் மணல் போன்ற கரித்துகள்கள் தென்பட்டாலோ, ஆயில் பிரஷர் விளக்கு ஐடிலில் மினுக்கினாலோ, வாஷரைச் சோதிக்காமல் வண்டியை ஓட்டுவது இன்ஜினையே பணயம் வைப்பதாகும். பியூஜோ-சிட்ரோயனும் ஃபோர்டும் சேர்ந்து உருவாக்கிய 1.6 லிட்டர் எச்.டி.ஐ. இன்ஜினிலும் இதே கரி, டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயின் நுண்வலையை அடைத்து டர்போவைக் கொன்றுவிடும். காரணத்தை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றியவர்கள் மீண்டும் டர்போ வாங்க நேர்ந்திருக்கிறது. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபிகோ வண்டிகளின் 1.4 லிட்டர் டீசல் இன்ஜினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

கழற்றுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்கிய வாஷர்கள், புதிய கிளாம்ப் போல்ட்டுகள், ரிட்டர்ன் லைனின் ஓ-ரிங்குகளும் கிளிப்புகளும், இன்ஜெக்டர் சீட் கட்டர், அந்தக் குழியின் விட்டத்துக்கு ஏற்ற பித்தளை பிரஷ், இன்ஜெக்டரை இழுத்தெடுக்க ஸ்லைடு ஹேமருடன் கூடிய புல்லர், போல்ட் துளையின் மரையைச் சுத்தம் செய்ய அடிவரை செல்லும் டேப் (மரை வெட்டும் கருவி), செராமிக் கிரீஸ், மூடிவைக்கப் பிளாஸ்டிக் தொப்பிகள் ஆகியவற்றோடு, சிறிய முறுக்குவிசையை அளக்கக்கூடிய டார்க் ரெஞ்ச் ஒன்றும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. சக்கர நட்டு முறுக்கும் அரை இஞ்ச் ரெஞ்சில் 7 நியூட்டன் மீட்டரை அளக்கவே முடியாது. அது 'கிளிக்' என்று சொல்வதற்குள் போல்ட் அறுந்திருக்கும்.

பழைய வாஷரைச் சிவக்கச் சூடாக்கி, தண்ணீரில் போட்டு மென்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. செம்பு அப்படி மென்மையாகும் என்பது உண்மையே. ஆனால் நசுங்கிப்போன தடிப்பு திரும்ப வராது. அதன் மேற்பரப்பில் பதிந்த தடமும் போகாது. சில நூறு ரூபாய்க்குள் முடியும் பொருளில் இந்தச் சிக்கனம் தேவையில்லை. எல்லா இன்ஜினிலும் வாஷர் செம்பாகவே இருக்கும் என்றும், ஒரே தடிப்பில் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம்; தயாரிப்பாளர் குறித்திருக்கும் உலோகத்தையும் தடிப்பையும் அப்படியே பின்பற்ற வேண்டும்.

கழற்றுதல்

காமன் ரெயிலின் அழுத்தம் தொடக்ககால அமைப்புகளிலேயே 1350 பார் வரை சென்றது. பின்வந்தவற்றில் 2000 பாரையும் தாண்டும். எனவே இன்ஜின் ஓடும்போது எந்த ஹை பிரஷர் நட்டையும் தளர்த்தக்கூடாது. அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கச் சற்று நேரம் கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். பியஸோ வகை இன்ஜெக்டர்களில் 100 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் பாயும் என்பதால், ஓடும் இன்ஜினில் அவற்றின் கனெக்டரைப் பிடுங்கிச் சோதிப்பதும் கூடாது. உயரழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால், வெளியே சிறு புள்ளியாக மட்டுமே தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கரியை ஊறவைப்பதில் அவசரம் காட்டாதீர்கள். முதல் நாள் மாலையே குழிகளில் படிந்திருப்பதை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ இயன்றவரை நீக்கி, ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, இரவு முழுவதும் விட்டுவிடுவது நல்லது. கரி கெட்டித்துப் போயிருந்தால் இரண்டு மூன்று நாட்கள் இதைத் தொடரலாம். மறுநாள் இன்ஜினைச் சூடேற்றி அணைத்து, அழுத்தம் இறங்கிய பின், கை தாங்கும் சூடு இருக்கும்போதே கழற்றத் தொடங்கினால் போல்ட்டும் இன்ஜெக்டரும் எளிதாக இளகும்.

முதலில் சுற்றுப்புறத்தைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். மின் கனெக்டர்கள், ரிட்டர்ன் லைன், ஹை பிரஷர் பைப் என்ற வரிசையில் கழற்றி, திறந்த ஒவ்வொரு வாயையும் அப்போதே தொப்பியால் மூடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும் இன்ஜெக்டரைக் கெடுக்க. பைப்பின் நட்டைத் தளர்த்தும்போது இன்ஜெக்டரின் பக்கமுள்ள அறுகோணத்தை மற்றொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த இன்ஜெக்டர் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று எழுதிவைப்பது கட்டாயம். பல இன்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்தக் குறியீடும் அதனதன் சிலிண்டருக்கு உரியதாக, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வில் பதிவாகியிருப்பதால், இடம் மாறினால் ஐடில் தடுமாறும்.

கிளாம்ப் போல்ட்டை ஒரே மூச்சில் சுழற்றாதீர்கள். கால் சுற்று தளர்த்தி, சற்றுத் திரும்ப முறுக்கி, மீண்டும் தளர்த்தி, இடையிடையே எண்ணெய் விட்டுக்கொண்டே வர வேண்டும். கிளாம்ப்பை மட்டும் தளர்த்திவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் கம்ப்ரஷனே இன்ஜெக்டரைத் தள்ளி வெளியே கொண்டுவந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு, கொண்டுவரவும் செய்யும். ஆனால் அதே தள்ளலில் ஹை பிரஷர் பைப் வளைந்து, டீசல் பீறிட்டு, சூடான எக்ஸாஸ்டில் பட்டுத் தீப்பிடிக்கவும் கூடும் என்பதால் அந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இன்ஜெக்டரின் உடலில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான பகுதி இருந்தால், அதைப் பிடித்து இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். அசைவு கிடைத்துவிட்டால் பாதி வெற்றி. அதன் பின் புல்லரைப் பொருத்தி நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். மேலுள்ள காந்தச்சுருள் தலைக்கு அடியில் லீவரைக் கொடுத்து நெம்பினால் இன்ஜெக்டர் பயனற்றுப் போகும். எதற்கும் அசையாத இன்ஜெக்டருக்கு ஹைட்ராலிக் புல்லர் வைத்திருக்கும் டீசல் பம்ப் கடையை நாடுவதே அறிவுடைமை.

சீட்: நேரம் முழுவதையும் இங்கே செலவிடுங்கள்

இன்ஜெக்டர் வெளியே வந்ததும் அதன் நுனியில் பழைய வாஷர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது குழியின் அடியிலேயே கிடக்கிறது. கொக்கிபோல் வளைத்த கம்பியால் அதை எடுத்துவிட வேண்டும். கவனிக்காமல் அதன் மேலேயே புது வாஷரைப் போட்டு இரட்டை வாஷரோடு ஓடிய வண்டிகள் உண்டு.

இப்போது டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். நல்ல சீட்டில், நடுத்துளையைச் சுற்றி ஒரே அகலமுள்ள சாம்பல்நிற வளையம் முழு வட்டமாகத் தெரியும். கசிந்த சீட்டில் அந்த வளையம் ஓரிடத்தில் அறுபட்டு, உள்ளிருந்து வெளியே ஓடும் ஒரு கறுப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு வெறும் கரிப்படிவா அல்லது உலோகத்திலேயே அரித்த பள்ளமா என்பதே அடுத்து செய்ய வேண்டியதைத் தீர்மானிக்கிறது.

சுத்தம் செய்யும் முன், நடுத்துளையைக் கிரீஸ் தடவிய சிறு பஞ்சுத் திரியால் அடைத்து, அதில் ஒரு நூலைக் கட்டி வெளியே விட்டுவையுங்கள். உள்ளே விழாமல் இழுத்தெடுக்க அது உதவும். பித்தளை பிரஷால் குழியின் சுவரையும், மரக்குச்சியில் சுற்றிய துணியால் சீட்டையும் துடைத்து, வேக்குவம் வைத்து உறிஞ்சிய பின் மீண்டும் பாருங்கள். வளையம் முழுமையாகத் தெரிந்தால் கட்டர் தேவையே இல்லை. தெரியாவிட்டால் அடைப்பை எடுத்துவிட்டு, கட்டரின் பற்களில் துகள்களைப் பிடித்துக்கொள்ளும்படி தாராளமாகக் கிரீஸ் பூசி, கையால் மட்டும், கடிகாரச் சுற்றில் மட்டும், மென்மையான அழுத்தத்தில் சுழற்ற வேண்டும். டிரில் மெஷினில் மாட்டிச் சுழற்றினால் சீட் அலையலையாகிவிடும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை கட்டரை வெளியே எடுத்து, துடைத்து, புது கிரீஸ் பூசிக்கொள்ளுங்கள். முழு வட்டமும் ஒரே பளபளப்பாகத் தெரிந்த கணத்தில் நிறுத்திவிட வேண்டும். சந்தேகம் இருந்தால், இன்ஜெக்டரின் அடிமுகத்தில் ஃபிட்டர்கள் பயன்படுத்தும் நீல மையை மெல்லப் பூசி, வாஷர் இல்லாமல் உட்கார வைத்து எடுத்தால், சீட்டில் பதியும் நீல வளையம் உண்மையைச் சொல்லிவிடும்.

அதிகம் வெட்டினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இன்ஜெக்டரின் நுனி எரிப்பு அறைக்குள் கூடுதலாக நீளும். பிஸ்டன் கிண்ணத்தில் டீசல் படவேண்டிய இடம் மாறும். புகையும் சூடும் கூடும். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் சில பங்கு அளவுக்குச் சீட் இறங்கிவிட்டால், அந்த இன்ஜினுக்குக் கிடைக்கும் தடித்த வாஷரைப் போட்டுப் பழைய உயரத்தை மீட்க வேண்டும். பள்ளம் அதைவிட ஆழமாக இருந்தால், கட்டரை வைத்துவிட்டு ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்புவதுதான் முறை.

துகள்கள் சிலிண்டருக்குள் போயிருக்கலாம் என்பதால், மெல்லிய குழாயை நடுத்துளை வழியே விட்டு வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். செல்ஃப் அடித்து ஊதித் தள்ளும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்வதானால், பேட்டரியை மீண்டும் இணைக்கும் முன் பம்ப்புக்கு வரும் டீசலை நிறுத்தி, ரெயிலின் திறந்த வாய்களை ஒரு டப்பாவுக்குள் வைத்து, குழிகளைத் துணியால் மூடி, முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும்.

போல்ட் துளையையும் மறந்துவிடாதீர்கள். அது அடிமூடிய துளை. அதற்குள் எண்ணெயோ கரியோ தேங்கியிருந்தால், போல்ட் அதன் மீது முட்டிக்கொண்டு இறுகியதுபோல் காட்டும். கிளாம்ப் மீது விசையே இராது. கிரீஸ் பூசிய டேப்பைக் கையால் அடிவரை செலுத்தி எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்த பின், புது போல்ட் விரலால் திருப்பினாலேயே அடிவரை போக வேண்டும். மரை போயிருந்தால் ஹெலிகாயில் போன்ற செருகு மரை போடலாம். ஆனால் எவ்வளவு ஆழம் துளையிடலாம் என்பதை டிரில் பிட்டில் குறித்துக்கொண்டு செய்ய வேண்டும். தாண்டினால் உள்ளேயுள்ள நீர்ப்பாதை உடைந்துவிடும்.

மீண்டும் பொருத்துதல்

இன்ஜெக்டரின் உடலையும் வாஷர் படியும் அடிமுகத்தையும் பித்தளை பிரஷால் தேய்க்கலாம். நாசிலின் நுனியில் மட்டும் எதுவும் படக்கூடாது. முடியைவிட நுண்ணிய துளைகள் அங்கே இருக்கின்றன. எப்படியும் கழற்றியாகிவிட்டது என்பதால், எல்லா இன்ஜெக்டர்களையும் டீசல் பம்ப் கடையில் கொடுத்து ஸ்பிரேயும் ரிட்டர்ன் அளவும் சோதித்து வாங்கினால் இரட்டைச் செலவு மிச்சமாகும்.

புது வாஷரை உலர்ந்த நிலையிலேயே போட வேண்டும். செராமிக் கிரீஸை இன்ஜெக்டரின் உடலில் மெல்லிய படலமாகப் பூசலாம். வாஷரிலோ நாசிலிலோ படக்கூடாது. சீலன்ட் எதுவும் வேண்டாம். இன்ஜெக்டரைக் கையால் அழுத்தி உட்கார வைத்து, கிளாம்ப்பையும் புது போல்ட்டையும் விரலால் மட்டும் இறுக்கி, ஹை பிரஷர் பைப்பின் இரு முனை நட்டுகளையும் கையால் பிடிக்கும்வரை திருப்பிய பிறகே போல்ட்டை முறுக்க வேண்டும். அப்போதுதான் பைப்பின் இழுப்பால் இன்ஜெக்டர் சாயாமல் நேராக உட்காரும்.

ஓ.எம். 611 குடும்பத்தில் போல்ட்டுக்கு முதலில் 7 நியூட்டன் மீட்டர், அதன் பின் கோணத் திருப்பம் என்பதே முறை. அந்தக் கோணம் 90 டிகிரியா, இரு தவணையாக 180 டிகிரியா என்பது இன்ஜினையும் போல்ட்டையும் பொறுத்து மாறுவதால், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ளதே இறுதி. வேறு இன்ஜினின் எண்ணை இதற்குப் போடக்கூடாது. கோணத்தால் முறுக்கிய போல்ட்டைப் பிறகு 'ஒருமுறை செக் பண்ணிவிடலாம்' என்று மறுபடி முறுக்குவதும் கூடாது.

ரிட்டர்ன் லைனைப் புது ஓ-ரிங்குகளோடு இணைத்து, ஹை பிரஷர் நட்டுகளை உரிய விசையில் இறுக்கிய பின், பேட்டரியை இணைத்து, கைப்பம்ப் இருந்தால் அதைக்கொண்டும், இல்லாவிட்டால் பத்து விநாடிக்கு மேற்படாமல் விட்டுவிட்டு செல்ஃப் அடித்தும் காற்றை வெளியேற்றுங்கள். பழைய இன்ஜின்களில் செய்ததுபோல் பைப் நட்டைத் தளர்த்திக் காற்றெடுக்கும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டு, குழிகளில் சோப்பு நீர் வைத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பைப் இணைப்புகளில் டீசல் கசிவை விரலால் தடவிப் பார்க்காமல், ஓர் அட்டைத்துண்டை நீட்டிச் சோதியுங்கள். இன்ஜெக்டரையே மாற்றியிருந்தால் அதன் குறியீட்டை ஸ்கேனர் மூலம் இ.சி.யு.வில் ஏற்ற வேண்டும்.

வெளியே கசிந்த வண்டிக்கு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினால் போதும். உள்ளே கசியும் 2 கே.டி. போன்ற இன்ஜினில் ஆயில் சேம்பரையே இறக்கி, உறிஞ்சுகுழாய் வலையைக் கழுவிப் போட வேண்டும், எச்.டி.ஐ. வகையில் டர்போவின் ஆயில் குழாயையும் அதன் வலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த இரு வகைகளிலும் சந்துபொந்துகளில் ஒட்டியிருக்கும் கரி புது ஆயிலில் கரைந்து வரும் என்பதால், முதலில் ஊற்றும் ஆயிலை வழக்கமான இடைவெளி வரை ஓட்டாமல், ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஃபில்டரோடு இன்னொரு முறை மாற்றிவிடுங்கள்.